இரண்டாம் முறை கேட்கலாமா?

ஆமை ஓட்டில் தொடங்கி மூங்கில் குச்சி வரை: சீனர்கள் குறி பார்க்கும் வழிகளைத் தேடி ஆன்யாங், யூலி, ஹாங்காங், தைபே

பெய்ஜிங்கிலிருந்து தெற்கே சுமார் 500 கி.மீ. தொலைவில், ஹெனான் மாகாணத்தின் வடகோடியில் இருக்கிறது ஆன்யாங். ஊரின் வடமேற்கில், ஹுவான் ஆற்றங்கரையில் ஷியாவ்துன் என்ற கிராமம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஷாங் வம்ச மன்னர்களின் கடைசித் தலைநகரம் இங்கேதான் இருந்தது. 1928இல் தொடங்கிய அகழ்வாய்வு இன்னும் முடிந்தபாடில்லை. 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2024இல் ஆற்றுக்கு அக்கரையில் பிரம்மாண்டமான புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் கண்ணாடிப் பெட்டிகளில் பயணிகள் பார்க்க வருவது தங்கத்தையோ வைரத்தையோ அல்ல. விரிசல் விட்ட ஆமை ஓடுகளை.

ஒவ்வொரு விரிசலும் ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். மழை பெய்யுமா, விளைச்சல் தேறுமா, பகைவன் மேல் படையெடுக்கலாமா, மன்னரின் பல்வலிக்கு எந்த முன்னோரின் கோபம் காரணம்? எல்லாவற்றையும் ஓட்டிடம் கேட்டார்கள். ஆமையின் வயிற்றுப்புற ஓட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ எடுத்துச் சுத்தம் செய்து, தேய்த்து, பின்பக்கம் வரிசையாகக் குழிகள் குடைவார்கள். கேள்வியைச் சொல்லிக் குழியில் சூடு வைத்தால் முன்பக்கத்தில் ‘படக்’கென்று விரிசல் ஓடும். ஒரு நெடுங்கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் கிளைக்கும் ஒரு சிறு கோடு. குறி பார்ப்பதைக் குறிக்கும் சீன எழுத்து இன்றும் அதே வடிவத்தில்தான் இருக்கிறது.

இந்த ஓடுகள் உலகத்தின் கண்ணில் பட்டதே ஒரு கதை. பல தலைமுறைகளாக இவற்றை ‘டிராகன் எலும்பு’ என்று சொல்லிப் பொடித்து மருந்தாகக் குடித்துவந்தார்கள். 1899இல் வாங் யிராங் என்ற அரசவை அறிஞர் அவற்றில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டுகொண்டார். இதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 1936இல் ஒரே குழியில் மட்டும் 17,000க்கும் அதிகமான துண்டுகள் வெளிப்பட்டன. சீன எழுத்தின் ஆரம்ப வரலாறாக நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் இந்தக் குறி கேட்ட குறிப்புகள்தான்.

வூ டிங் என்ற மன்னரின் மனைவி ஃபு ஹாவ். அவரே படை நடத்திச் சென்றதாக ஓடுகள் சொல்கின்றன. யாரும் தொடாமல் கிடந்த அவரது கல்லறையை 1976இல் ஷியாவ்துன் அருகே தோண்டி எடுத்தார்கள். நூற்றுக்கணக்கான வெண்கலப் பொருள்கள், அவற்றுடன் ஆயுதங்களும் இருந்தன. இதே ஃபு ஹாவ் கர்ப்பமாக இருந்தபோது பிரசவம் நல்லபடியாக நடக்குமா என்று ஓட்டில் சூடு வைத்தார்கள். இன்ன இன்ன நாள்களில் பிறந்தால் நல்லது என்றார் மன்னர். 31 நாள் கழித்து, அவர் சொல்லாத ஒரு நாளில் குழந்தை பிறந்தது. முடிவையும் அதே ஓட்டில் செதுக்கி வைத்தார்கள். பலன் நல்லதாக இல்லையாம். காரணம், பிறந்தது பெண். படை நடத்திய பெண்ணின் வீட்டிலேயே இந்தத் தீர்ப்பு.

ஓட்டு முறையில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, கேள்வியை இருபக்கமும் திருப்பிக் கேட்டார்கள்: ‘மழை வரும்’ என்று ஒருபுறம், ‘மழை வராது’ என்று மறுபுறம். இரண்டு, முக்கியமான விஷயமானால் ஒரே கேள்வியை ஐந்து ஓடுகளில்கூடக் கேட்டார்கள். ஆமைகள் தூர தேசங்களிலிருந்து கப்பமாக வந்தன. எத்தனை வந்தன என்று ஓட்டின் ஓரத்திலேயே கணக்கு எழுதினார்கள். செதுக்க ஆள், சூடு வைக்க ஆள், படிக்க மன்னர். இத்தனை செலவு செய்யக்கூடிய வீடு அரண்மனை ஒன்றுதான். மறுபடி மறுபடி கேட்கும் உரிமை ராஜாவுக்கு இருந்தது. குடியானவன் எதைக் கேட்டான், எப்படிக் கேட்டான் என்பதற்கு ஓடுகளில் பதில் இல்லை.

ஆன்யாங்கிலிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் டாங்யின் மாவட்டம். அங்கே யூலி என்ற மேட்டில் ஒரு பழைய கோயில். அதே ஷாங் வம்சத்தின் கடைசி மன்னன், மேற்கே வளர்ந்துவந்த சோவ் நாட்டுத் தலைவர் ஜி சாங்கை இங்கேதான் ஏழு ஆண்டுகள் சிறை வைத்தான் என்கிறது மரபு. வென் மன்னர் என்று பின்னாளில் போற்றப்பட்டவர் இவர். சிறையில் இருந்தபடியே கோடுகளை அடுக்கி 64 வடிவங்களை அமைத்தார், அதுதான் ‘யி ஜிங்’ நூலின் தொடக்கம் என்று சீனர்கள் சொல்கிறார்கள். மேலைநாட்டினர் ‘ஐ சிங்’ என்று எழுதுவது இதைத்தான். ஒரே ஆள் ஒரே சிறையில் இயற்றியது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் யூலிக்கு வருகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

அவர்களைத் தடுத்து நிறுத்துவது அங்குள்ள ஒரு மண்மேடு. ஜி சாங்கின் மூத்த மகன் போ யிகாவ் அப்பாவை மீட்க வந்தபோது, மன்னன் அவனைக் கொன்று இறைச்சியாக்கித் தகப்பனுக்கே பரிமாறினானாம். வருவதை அறியும் வித்தை தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர் தட்டில் இருப்பதை அறியாமல் உண்கிறாரா என்று சோதிக்க. ஜி சாங்குக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், தெரியாதவர்போல் உண்டார். அதனால் உயிர் தப்பினார். பிறகு வெளியே வந்து மகனை வாந்தியெடுத்த இடம் இந்த மேடு என்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, எதிர்காலம் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வருபவருக்கு இதைவிடக் கடுமையான பதில் இருக்க முடியாது.

யூலியில் இன்னொன்றும் வளர்க்கிறார்கள்: ‘ஷி’ என்ற செடி. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, மெல்லிய நேரான தண்டு. ஆமை ஓட்டுக்கு அடுத்து வந்த குறிக் கருவி இந்தத் தண்டுதான். ஓட்டைச் சுட்டால் விரிசல் வரும், அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். தண்டோ எண்ணிக்கை. எண்ணத் தெரிந்தால் போதும்.

முறை இதுதான். ஐம்பது தண்டில் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். அது கடைசிவரை சும்மா இருக்கும். மீதி 49ஐ மனம்போனபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். வலப்பக்கக் குவியலிலிருந்து ஒரு தண்டை இடது கை விரலிடுக்கில் செருகிக்கொண்டு, இரு குவியல்களையும் நான்கு நான்காக எண்ணிக் கழிக்க வேண்டும். மிச்சம் நிற்பவையும் விரலிடுக்குக்கே போகும். மிச்சமில்லாமல் சரியாகக் கழிந்தால் கடைசி நான்கையே மிச்சமாக வைத்துக்கொள்வது விதி. விரலிடுக்கில் சேர்ந்தது 5 அல்லது 9 ஆக இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு மீதித் தண்டுகளை வைத்து இன்னும் இரண்டு தரம் இதையே செய்தால், ஒவ்வொரு தரமும் 4 அல்லது 8 நீங்கும். முடிவில் கையில் 36, 32, 28, 24 இவற்றில் ஒரு தொகைதான் நிற்கும். நான்கால் வகுத்தால் 9, 8, 7, 6.

ஏழு என்றால் முழுக்கோடு, அதாவது யாங். எட்டு என்றால் நடுவில் உடைந்த கோடு, யின். ஒன்பது முதிர்ந்துபோன யாங், யின்னாக மாறப்போவது. ஆறு முதிர்ந்த யின், யாங்காக மாறப்போவது. இவ்வளவும் செய்தால் கிடைப்பது அடிக்கோடு ஒன்று மட்டும். கீழிருந்து மேலாக ஆறு கோடுகள் வேண்டும். ஆக 18 சுற்று. கை பழகியவருக்கே இருபது நிமிடம், அரை மணி ஆகும். பிறகுதான் 64 வடிவங்களில் தனக்கு விழுந்தது எது என்று நூலைத் திறந்து பார்க்கலாம். மாறும் கோடுகள் இருந்தால் அவற்றை மாற்றி இரண்டாவது வடிவத்தையும் பார்க்கலாம்.

இன்று உலகெங்கும் புழங்குவது இதுவல்ல, மூன்று நாணயங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, மறுபக்கத்துக்கு இரண்டு என்று மதிப்பு. மூன்றையும் சேர்த்து வீசிக் கூட்டினால் அதே 6, 7, 8, 9. ஆறு வீச்சில் வேலை முடிந்தது. மூன்று நிமிடம் போதும். ஹான் காலத்து அறிஞர் ஜிங் ஃபாங் பெயரோடு இம்முறையைச் சேர்த்துச் சொல்வது மரபு. 618 முதல் 907 வரை நீடித்த டாங் அரச காலத்தில் தண்டுக்குப் பதில் நாணயம் பழக்கத்துக்கு வந்துவிட்டது. நடுவில் சதுர ஓட்டையிட்ட வெண்கலக் காசு எந்தச் சந்தையிலும் எந்த மடியிலும் இருந்தது. ஷி தண்டு எங்கே விளைகிறது என்று தேட வேண்டியதில்லை. குறி சொல்பவர் தெருவோரம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்காரன், கடலில் போன மகனுக்காக ஏங்கும் தாய், தேர்வெழுதப் போகும் பையன் என எல்லாருமே கேட்கலாம் என்றாயிற்று.

இரண்டும் ஒன்றுதானா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் இல்லை. நாணயத்தில் 16 தடவைக்கு ஆறு இரண்டு தடவை, ஒன்பது இரண்டு தடவை, ஏழும் எட்டும் ஆறாறு தடவை விழ வாய்ப்பு. யின்னும் யாங்கும் சமம். தண்டிலோ 16இல் ஆறுக்கு ஒரே வாய்ப்பு, ஒன்பதுக்கு மூன்று, ஏழுக்கு ஐந்து, எட்டுக்கு ஏழு. அதாவது தண்டு முறையில் யாங் சுலபமாக மாறும், யின் லேசில் மாறாது. மாறும் கோடுகளின் மொத்த வாய்ப்பு இரண்டிலும் நான்கில் ஒரு பங்குதான். ஆனால் எந்தப் பக்கம் மாறும் என்பதில் தண்டுக்கு ஒரு சாய்வு உண்டு. பரபரப்பானது சீக்கிரம் களைத்துவிடும், அமைதியானது நிலைத்து நிற்கும் என்ற ஒரு வாழ்க்கைப் பார்வை அந்த மிச்சக் கணக்குக்குள் ஒளிந்திருப்பதாகத் தண்டுப் பிரியர்கள் சொல்வார்கள். நாணயம் ‘பூவா தலையா’. அதற்குச் சார்பு கிடையாது.

அப்படியானால் தண்டுதான் அசல், நாணயம் நகலா? அங்கேதான் சிக்கல். ஐம்பது தண்டு, ஒன்றை ஒதுக்குவது, நான்கு நான்காக எண்ணுவது என்ற குறிப்பு யி ஜிங்கின் பழைய உரைப் பகுதியில் சில வரிகளில்தான் இருக்கிறது. அதை இன்று நாம் அறிந்த செயல்முறையாக நிலைநிறுத்தியவர் 1130 முதல் 1200 வரை வாழ்ந்த ஜூ ஷி என்ற தத்துவ அறிஞர். அவர் காலத்துக்கு முன்பே நாணயம் சந்தையில் புழங்கிக்கொண்டிருந்தது. 2008இல் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த பழைய மூங்கில் ஏடுகள் இன்னும் குழப்பத்தைக் கூட்டின. கி.மு. 300ஐ ஒட்டிய அந்த ஏடுகளில் குறி பார்க்கும் முறை பற்றிய ஒரு நூலே இருந்தது. 2013இல் அது வெளியானபோது, அதில் வரும் எண்களின் விகிதம் ஜூ ஷியின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அதில் 1, 6 என்ற எண்களே அதிகம். ஆக, ‘ஆதி முறை’ என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய முறையைச் செய்துகொண்டது.

கருவியே வேண்டாம் என்றவரும் உண்டு. 11ஆம் நூற்றாண்டின் ஷாவ் யொங் பெயரில் வழங்கும் ‘பிளம் மலர்’ முறையில் ஆண்டு, மாதம், நாள், நேரம் இவற்றின் எண்களைக் கூட்டி, எட்டாலும் ஆறாலும் வகுத்து மிச்சத்திலிருந்தே வடிவத்தை எடுப்பார்கள். பிளம் மரக் கிளையில் இரண்டு குருவிகள் சண்டையிட்டு விழுந்ததைப் பார்த்து, மறுநாள் பூப்பறிக்க வரும் பெண் மரத்திலிருந்து விழுந்து தொடையில் அடிபடுவாள் என்று அவர் சொன்னதாகக் கதை. இம்முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. நேரமே விடையைத் தருவதால், அதே நேரத்தில் இரண்டாம் தடவை கேட்டால் அதே பதில்தான் வரும். எதையாவது கண்டு மனம் சலனப்பட்டாலன்றிக் குறி பார்க்காதே என்பதும் அதன் விதி.

ஹாங்காங்குக்குப் போனால் எண்கணக்குகூட வேண்டியதில்லை. கவுலூனில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே 1921இல் எழுந்த வோங் டாய் சின் கோயில். மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர். முற்றத்தில் ஊதுபத்திப் புகை. மண்டியிட்டவர்களின் கைகளில் மூங்கில் குவளைகள், ஒவ்வொன்றிலும் நூறு குச்சிகள். கேள்வியை மனதில் சொல்லிக்கொண்டே சாய்த்துக் குலுக்கினால் ஒரு குச்சி மட்டும் நழுவித் தரையில் விழும். அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் ஜோஸ்யர் கடைகளுக்குப் போனால், அந்த எண்ணுக்குரிய செய்யுளுக்குப் பொருள் சொல்வார்கள். யி ஜிங்கின் 64 வடிவங்களுக்கும் இந்த நூறு செய்யுள்களுக்கும் சம்பந்தமில்லை. இங்கே பதில் சொல்வது நூலல்ல, சாமி. கம்யூனிஸ்ட் சீனாவில் குறி சொல்வது ‘நிலப்பிரபுத்துவ மூடநம்பிக்கை’ என்று ஒடுக்கப்பட்ட பத்தாண்டுகளில், 1966 முதல் 1976 வரை, எல்லைக்கு இந்தப்பக்கம் குச்சிகள் குலுங்கிக்கொண்டுதான் இருந்தன.

சாமியிடம் ஊருக்காகவும் கேட்கிறார்கள். ஷா டின் பகுதியின் சே குங் கோயிலில் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் ஹாங்காங்கின் பெயரிலேயே ஒரு குச்சி எடுப்பது வழக்கம். 2003இல் அரசின் மூத்த அதிகாரி ஒருவர் எடுத்த குச்சி மோசமான பலன் சொன்னது. சில வாரங்களில் சார்ஸ் நோய் வந்தது. 299 பேர் இறந்தார்கள். ஜூலை முதல் தேதி ஐந்து லட்சம் பேர் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு அரசு ஒதுங்கிக்கொண்டு, குச்சி எடுக்கும் பொறுப்பைக் கிராமப்புற மன்றத் தலைவரிடம் விட்டது. குச்சிக்கும் கிருமிக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்லலாம். ஆனால் கேமராக்களின் முன்னால் விழுந்த குச்சியைத் திரும்பக் குவளையில் போட்டு வேறொன்றைக் குலுக்க யாராலும் முடியாது.

தைபேயில் இதற்கு ஒரு நாசூக்கான ஏற்பாடு இருக்கிறது. 1738இல் கட்டப்பட்ட லோங்ஷான் கோயிலில் குச்சி எடுத்தவர் உடனே பலனைப் படிக்கப் போவதில்லை. பிறை வடிவில் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் வீசி, ‘இந்தக் குச்சிதானா?’ என்று சாமியிடம் உறுதி கேட்கிறார். துண்டின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிந்தது. ஒன்று தட்டையும் ஒன்று குவிவும் மேல்நோக்கி விழுந்தால் ‘ஆம்’. இரண்டும் குவிந்து விழுந்தால் ‘இல்லை’. இரண்டும் தட்டையாக விழுந்தால் சாமி சிரிக்கிறார், கேள்வியே சரியில்லை என்று பொருள். தொடர்ந்து மூன்று முறை ‘ஆம்’ விழ வேண்டும் என்று பார்ப்பவர்களும் உண்டு. சமமான துண்டாக இருந்தால் எட்டில் ஒரு வாய்ப்புதான் அது. பொறுமை இல்லாதவர் அங்கே பலன் வாங்கிக்கொண்டு திரும்ப முடியாது.

இந்த முறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. எது சரியாகப் பலிக்கும் என்பதில் அவை வேறுபடுவதைவிட, மறுபடி கேட்பதற்கு என்ன விலை வைக்கின்றன என்பதில்தான் அதிகம் வேறுபடுகின்றன. ஓட்டு முறையில் விலை இன்னொரு ஆமை. தண்டு முறையில் இன்னொரு அரை மணி நேரம். ‘பிளம் மலர்’ முறையில் நேரம் மாறும்வரை கதவு அடைப்பு. பிறைத்துண்டில் சாமியின் சம்மதம். நாணயத்தில் மட்டும் விலை கிட்டத்தட்ட பூஜ்யம். யி ஜிங்கைத் தொகுத்தவர்களுக்கே இந்த பயம் இருந்திருக்கிறது. 64 வடிவங்களில் நான்காவது, அனுபவமில்லாத இளையவனைப் பற்றியது. முதல் முறை கேட்டால் பதில் உண்டு, விடாமல் நச்சரித்தால் கிடையாது என்ற எச்சரிக்கை அங்கேயே வருகிறது. வேண்டிய பதில் விழும்வரை வீசுபவன் கேள்வி கேட்கவில்லை, தன் ஆசைக்குச் சாட்சி தேடுகிறான்.

கேட்கும் உரிமை அரண்மனையிலிருந்து தெருவுக்கு வந்ததை இழப்பு என்று சொல்ல முடியாது. சீனாவின் ஃபுயாங்கில் 1977இல் ஒரு பழைய கல்லறையிலிருந்து எடுத்த யி ஜிங் ஏடுகளில், மூலத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் சாதாரண மனிதர்களின் கவலைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நோயாளி பிழைப்பானா, கல்யாணம் கூடிவருமா, பயணம் போகலாமா? கி.மு. 165இல் இறந்த ஒரு பிரபுவின் கல்லறை அது. அப்போதே கேள்விகள் மன்னரின் போரையும் பல்வலியையும் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டன. அந்தக் கேள்விகளை ஆமை ஓடு ஒருநாளும் தாங்கியிருக்காது. அவற்றைச் சுமந்தவை தண்டும் காசும் குச்சியும்தான்.

இன்று செல்பேசித் திரையைத் தொட்டால் ஒரு நொடியில் ஆறு கோடுகளும் விழுகின்றன. தண்டின் சாய்ந்த கணக்கைக்கூட அப்படியே நிரலில் எழுதிவிடலாம். 16இல் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்பது இயந்திரத்துக்கு ஒரு பெரிய காரியமல்ல. எழுத முடியாதது அந்த அரை மணி நேரத்தை. பதினெட்டாவது சுற்றை எண்ணி முடிப்பதற்குள், கேட்க வந்தவருக்குத் தான் கேட்க வந்தது இதைத்தானா என்ற சந்தேகம் வந்துவிடும். சிலர் தண்டுகளைக் கட்டி வைத்துவிட்டு எழுந்து போவதும் உண்டு. பதில் அதற்குள் கிடைத்திருக்கும்.